பால் மட்டும் குடித்த குட்டிக்குப் பூச்சி எப்படி வந்தது?

எங்க வீட்டு நாய் வைக்கோல் போருக்குப் பின்னால் குட்டி போட்டிருந்தது. மற்ற குட்டிகளையெல்லாம் கேட்டவர்கள் தூக்கிப் போய்விட்டார்கள். ஒன்றை மட்டும் என் மகள் கொடுக்கவே மாட்டேன் என்று வைத்துக்கொண்டாள். அதன் வயிறு உருண்டையாகிக்கொண்டே வந்தது. எனக்கு அதில் சந்தோஷம்தான். எதிர்வீட்டு அக்கா கூட, "இன்னா தம்பி, பூசணிக்கா கணக்கா இருக்குது! தாய்கிட்ட இருக்கிற பாலையெல்லாம் இது ஒண்ணே குடிச்சிக்கினு இருக்குதா?" என்று கிண்டல் செய்தார்.

ஆனால் முதுகைத் தடவினால் எலும்பு கையில் இடித்தது. வயிறு நிறையக் குடிக்கிற குட்டிக்கு எலும்பு ஏன் தெரிகிறது? எனக்குப் புரியவில்லை.

ஒருநாள் காலையில் குட்டி வாந்தி எடுத்தது. அதில் வெள்ளையாக, நீளமாக ஏதோ கிடந்தது. "குட்டிக்கு யாரு சேமியா போட்டது?" என்று சத்தம் போட்டேன். அதற்குள் அந்தச் சேமியா நெளிந்தது.

என் மனைவி பார்த்துவிட்டு, "பூச்சிங்க. வெல்லம் கில்லம் தின்னிருக்கும்" என்றாள். எங்க பக்கம் பிள்ளைகளுக்கு அப்படித்தான் சொல்லுவோம்.

"அது அம்மாகிட்டப் பால் மட்டுந்தாம்மா குடிக்குது. வெல்லம் எங்க தின்னுது?" என்றாள் மகள்.

அதுவும் சரிதான். பிறகு எப்படி வந்தது? அதை யோசிக்காமல், பிள்ளைகளுக்குச் செய்கிற மாதிரியே வேப்பங்கொழுந்தை அரைத்து, சுண்டைக்காய் அளவு உருட்டி அதன் வாயில் போட்டோம். குட்டி நுரை தள்ளியது. அதோடு பால் குடிப்பதையும் விட்டுவிட்டுச் சுருண்டு படுத்துக்கொண்டது.

"அப்பா, செத்துடுமா?"

கூடையில் துணியைப் போட்டுக் குட்டியை வைத்து, மகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு திண்டிவனம் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

டாக்டரம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்தார். "இது கொழுப்பு இல்லீங்க, பூச்சி. இனிமே வேப்பிலை உருண்டையெல்லாம் வேணாம்" என்றவர், குட்டியை எடை போட்டு, அதற்குத் தக்கபடி மருந்தை அளந்து வாயில் ஊற்றினார்.

"பால் மட்டுந்தாங்க குடிக்குது. பூச்சி எப்படிங்க வந்துது?"

"தாய்கிட்ட இருந்துதாங்க. வயித்துல இருக்கும்போதே கொஞ்சம் வந்துடும், அப்புறம் பால் வழியாவும் வரும்."

"தாய் கொழுகொழுன்னு இருக்குதுங்களே?"

"அதோட சதைக்குள்ள பூச்சிக்குஞ்சு சும்மா தூங்கிக்கினு இருக்கும். நாய் சினையானா முழிச்சிக்கும்."

எனக்கு முன்பைவிடக் குழப்பம் அதிகமானது. தாய்ப்பாலிலா பூச்சி வரும்? அவர் விடவில்லை. குட்டி போகிற மலத்தை எடுத்து ஆழமாகப் புதைக்கச் சொன்னார். மகளைச் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொன்னார். அந்தப் பூச்சி மனிதர்களுக்கும் வருமாம். நான் அதுவரை எல்லாம் எருதானே என்று சாணியோடு சேர்த்து எருக்குழியில் கொட்டிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் குட்டி போன மலத்தில் பூச்சி கொத்தாக வந்தது. சிலது உயிரோடு நெளிந்தது. குணமாகிறதா, மோசமாகிறதா?

"மருந்து குடுத்துதான் பூச்சி பெருகிப்போச்சு தம்பி. இதோட நிறுத்திடு" என்றார் எதிர்வீட்டு அக்கா.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். டாக்டரம்மா சிரித்தார். "உள்ள இருந்ததுதாங்க வெளிய வருது. குஞ்சா இருக்கறது இந்த மருந்துல சாகாது, இன்னும் வளரும். அதனால ரெண்டு வாரம் கழிச்சு மறுபடியும் குடுக்கணும். தாய்க்கும் மாத்திரை போடுங்க, மறந்துடாதீங்க."

யார் சொல்வதைக் கேட்பது என்று தெரியாமல் டாக்டர் சொன்னதையே கேட்டேன். குட்டி மெல்லப் பால் குடிக்கத் தொடங்கியது. ஆனாலும் படுத்த இடத்தைவிட்டு எழவில்லை. மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக்கூட இறக்காமல் ஓடிப்போய் அதன் மூக்கைத் தொட்டுப் பார்ப்பாள்.

தாய்க்கு மாத்திரையைக் கருவாட்டுத் தலைக்குள் செருகி வைத்தேன். அது கருவாட்டை நொறுக்கித் தின்றுவிட்டு, மாத்திரையை மட்டும் சுத்தமாக நக்கித் துப்பியது. "உன்னவிட அது வெவரம்பா" என்றாள் மகள்.

அப்போது மூலையில் கிடந்த குட்டி எழுந்தது. கால் பின்ன, கருவாட்டு வாசனையைப் பிடித்துக்கொண்டு மாத்திரையை நோக்கி ஓடி வந்தது. "பிடிப்பா! அது பெரிய நாய் மாத்திரை!" என்று மகள் கத்தினாள். நான் சட்டென்று மாத்திரைமேல் காலை வைத்தேன். குட்டி என் கட்டைவிரலைக் கவ்விக்கொண்டு விடவே இல்லை. நன்றாக வலித்தது.

"அப்பா, நிக்குதுப்பா!" என்று மகள் குதித்தாள். நான் மாத்திரைமேல் வைத்த காலைத் தூக்க முடியாமல் அப்படியே நின்றிருந்தேன்.