முதல் ஆப்ஷன்

என் மகளின் பிளஸ் ஒன் விண்ணப்பத்தில், அவள் எழுதித் தந்த வரிசையை அவளுக்குத் தெரியாமல் மாற்றினேன். பிறகு அவளிடம் பொய்யும் சொன்னேன். அப்போது எனக்கு ஐம்பது வயது. தெரியாமல் செய்த பிழை என்று சொல்லிக்கொள்ள இடமில்லை.

எங்கள் மாநிலத்தில் பிளஸ் ஒன் சேர்க்கை ஒரே விண்ணப்பத்தில் நடக்கும். எந்தப் பள்ளி, எந்தப் பாடப்பிரிவு என்று ஒன்று, இரண்டு, மூன்றாக வரிசைப்படுத்திக் கொடுக்க வேண்டும். முதல் ஆப்ஷன் கிடைத்துவிட்டால் அதில் சேர்ந்தாக வேண்டும், மற்றவை ரத்தாகிவிடும். கீழே உள்ளது கிடைத்தால், மேலே உள்ளதற்காகக் காத்திருக்கலாம். இது தெரியாமல் தேயிலை எஸ்டேட் பிள்ளைகள் பலர் வேண்டாத பாடத்தில் மாட்டிக்கொண்டார்கள். அதனால் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களிலிருந்து என்னிடம் வருவார்கள். நான் அப்போது மலைமேல் சித்திரபுரத்தில், கரண்டாபீஸ் குமாஸ்தா. என் அப்பாவும் அம்மாவும் கொழுந்து பறித்தவர்கள். எங்கள் லயத்தில் டிகிரி முடித்த முதல் ஆள் நான்தான்.

வருகிற பிள்ளையிடம் தனியாகக் கேட்டு, பென்சிலால் எழுதுவேன். மறுநாள் வரச்சொல்லி மறுபடி கேட்பேன். இரண்டு நாளும் ஒரே பதில் வந்தால்தான் பேனா.

“சார், அவ கெடக்கா, நீங்க பாத்து சயன்சு போடுங்க” என்று ஓர் அம்மா ஜன்னல் வழியாகச் சத்தம் போடுவாள்.

“படிக்கப்போறது நீயா, அவளா?” என்று அதட்டுவேன். ஊரில் எனக்கு நல்ல பெயர்.

என் மகளுக்கு ஓடாத மிஷின் எதைக் கண்டாலும் கை சும்மா இருக்காது. பக்கத்து வீட்டு அக்கா எமர்ஜென்சி லைட்டைக் கொண்டுவந்து, “பாப்பா, இது அணைஞ்சு அணைஞ்சு எரியுதுடி” என்பாள். இவள் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்துவிட்டு, “உள்ள ஒயரு விட்டுருக்குக்கா” என்பாள்.

“ஏட்டி, ஒனக்கு வரப்போற மாப்ள மக்கர் பண்ணாலும் கழட்டித்தான் பாப்ப போல.”

அவளுடைய முதல் ஆப்ஷன் எலக்ட்ரானிக்ஸ். அந்தப் பிரிவுக்கு மலையிறங்கிப் போய் ஹாஸ்டலில் தங்கவேண்டும். இரண்டாவது, வீட்டிலிருந்தே போய்வரக்கூடிய பள்ளியில் பயாலஜி. அந்த வருடம் எங்கள் குடியிருப்பில் மூன்று வீட்டுப் பெண்கள் பயாலஜி எடுத்துப் படித்து நர்ஸ் வேலைக்கு வெளிநாடு போயிருந்தார்கள். ஸ்க்ரூடிரைவரோடு என் மகள் எங்கே போய் நிற்பாள் என்று எனக்குத் தெரியவில்லை. வழக்கப்படி இரண்டு நாள் கேட்டேன். ஒரே பதில்தான் சொன்னாள். பேனாவால் எழுதினேன். ஆனால் கம்ப்யூட்டர் சென்டரில் பதிவு செய்பவரிடம், “ஒண்ணையும் ரெண்டையும் மாத்திப் போடுங்க” என்றேன்.

அலாட்மென்ட் வந்தது. பயாலஜி.

“எலக்ட்ரானிக்ஸுக்கு மார்க் பத்தலையாப்பா?”

“கம்ப்யூட்டர் குடுத்தது பாப்பா. நாம என்ன செய்ய முடியும்?”

அலாட்மென்ட் சீட்டை வாங்கிக்கொண்டு போய்ப் பள்ளியில் சேர்ந்தாள். அதற்குப் பிறகு யாராவது விளக்கைக் கொண்டுவந்தால், “படிக்கணும்க்கா” என்று திருப்பி அனுப்பினாள். என் மனைவி அந்தப் பொய்யை நம்பியபடியே போய்ச் சேர்ந்தாள்.

மகள் வெளிநாடு போகவில்லை. பாலக்காட்டை அடுத்த சித்தூர்ப் பக்கம் கல்யாணமாகி, பாலக்காட்டிலேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள். கெட்டிக்கார நர்ஸ் என்று சொல்கிறார்கள். ஞாயிறுதோறும் போன் செய்வாள். சாப்பாடு, மழை, என் பிரஷர் மாத்திரை. ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அப்படிப் பேசி முடித்ததும், அவளோடு பேசவேண்டும் என்ற ஏக்கம் இன்னும் அதிகமாக வரும்.

போன வருடம், ஆஸ்பத்திரிக் கருவிகளைப் பழுதுபார்க்கக் கற்றுத்தரும் ஒரு பயிற்சி பற்றிக் கேள்விப்பட்டேன். விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு, சொல்லாமல் சித்தூருக்குப் பஸ் ஏறினேன்.

“ஏனுங்க மாமா, இத்தன தூரம் ஒத்தைலயா வந்தீங்க? ஒரு போன் போட்டிருந்தா நான் வந்திருப்பனுங்களே” என்றார் மருமகன். காப்பி வைக்க உள்ளே போனார். அப்போது மகளிடம் சொல்லிவிட்டேன். வரிசையை மாற்றியது நான், கம்ப்யூட்டர் அல்ல.

“தெரியும்ப்பா” என்றாள் மகள். “அலாட்மென்ட் சீட்டுல பயாலஜிக்கு நேரா ஆப்ஷன் நம்பர் ஒண்ணுன்னு போட்டிருந்துச்சே. அத எடுத்துட்டுப் போயித்தான சேந்தேன்?”

“ஏம்மா கேக்கல?”

“கேட்டா நீங்க இன்னொரு பொய் சொல்லணும்.”

விண்ணப்பத்தை நீட்டினேன். நின்றபடியே படித்தாள்.

“வயசு வரம்பு பாத்தீங்களாப்பா? முப்பது. எனக்கு முப்பத்திமூணு.”

ஊர்ப் பிள்ளைகளின் விண்ணப்பங்களில் ஒரு வரி விடாமல் படித்தவன் நான். இதில் ஆசைப்பட்டதை மட்டும்தான் படித்திருக்கிறேன். அவள் அதை நாலாக மடித்து என் கையிலேயே தந்தாள்.

அடுத்த மூன்று ஞாயிறு போன் இல்லை. நாலாவது ஞாயிறு போன் வந்தது. “அப்பா, எனக்குள்ளயே தெரிஞ்சிருந்தப்ப இவ்வளவு கோவம் வரல. நீங்க வாயால சொன்னப்புறம்தான் வருது. கொஞ்ச நாளு நான் போன் பண்ணல. மாத்திரைய மட்டும் விட்டுறாதீங்க.”

சரிம்மா என்றேன். ஏழு மாதமாகிறது. மருமகன்தான் அவ்வப்போது கூப்பிடுகிறார். போன வாரம் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒன்று சொன்னார். “லீவு நாள்ல அந்த ஆஸ்பத்திரி மிசினெல்லாம் ரிப்பேர் பாக்கறவரோட கடைக்குப் போயிர்றாளுங்க மாமா. சம்பளமெல்லாம் இல்லீங்க, சும்மா ஒக்காந்து கழட்டி மாட்டிட்டு வர்றா. உங்ககிட்டச் சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருக்கறா.”

என்ன மிஷின், எதைச் சரிசெய்தாள் என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. நான் கேட்டதாக அவளிடம் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.