கால் கட்டைவிரலில் ஒரு நாடா

கார்த்திகேசனுக்கு எழுபத்தைந்து வயது. வீடு பர்மாவில், பசுந்தாங் பேட்டையில் ஐந்தாவது மாடி, லிஃப்ட் கிடையாது. தினமும் கீழே டீக்கடைக்கு இறங்கி ஏறிய கால்கள் இப்போது மரத்துக்கொண்டே வருகின்றன. முதுகெலும்பை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தால்தான் அறுவை செய்ய முடியும், இல்லாவிட்டால் மழைக்காலத்துக்குள் படுக்கைதான் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். போன வாரம் இயந்திரத்தின் குழாய்க்குள் தலை நுழைந்ததுமே, "வெளிய எடு!" என்று கத்தி எழுந்துவிட்டார். இன்று இரண்டாவது முறை.

சுரங்கத்தில் வேலை பார்த்த ஆளுக்குக் குழாயைக் கண்டு என்ன பயம் என்று ஆஸ்பத்திரியில் சிரித்தார்கள். மனைவி ராதா சிரிக்கவில்லை. அவளுக்குத் தெரியும்.

வடக்கே ஈயச் சுரங்கத்தில் பதினைந்து வயதில் இறங்கியவர் அவர். இருபத்துமூன்றில், மலைப்பக்கத்துச் சண்டைக்கு ராணுவம் தோண்டத் தெரிந்தவர்களைத் தேடியது, இவரையும் கூட்டிப்போனது. எதிரியின் பதுங்குகுழிக்கு அடியில் போய்ச் சேரும்படி, ஓர் ஆள் படுத்தபடி நுழையும் பொந்து வெட்ட வேண்டும். உள்ளே போகிறவன் கணுக்காலில் கயிறு. அதன் மறுநுனி வெளியே கோ துன் என்ற பர்மியத் தோழன் கையில். ஓர் இழுப்பு என்றால் நலம். இரண்டு என்றால் என்னை வெளியே இழு. மூன்று என்றால் டீ ஊற்றி வை, முடித்துவிட்டு வருகிறேன்.

ஒருநாள் இவர் உள்ளே இருக்கும்போது மண் சரிந்தது. இரண்டு இழுப்பு வந்ததும் கோ துன் இழுத்த வேகத்தில் கணுக்கால் பிசகியது, ஆள் பிழைத்தார். இடது பாதம் இன்றைக்கும் கோணல்தான். அதன் பிறகு கயிறு இல்லாமல் அவர் எந்தப் பொந்திலும் நுழைந்ததில்லை.

ராதா வீட்டிலிருந்தே பழைய பாவாடை நாடா இரண்டை முடிந்து கொண்டுவந்திருந்தாள். இயந்திரத்தை இயக்கும் பெண் ஸமீரா மறித்தாள்.

"என்ன ஆன்ட்டி இது?"

"நாடா. பருத்தி. இரும்பு ஒண்ணும் கிடையாது, தடவிப் பாரு."

"காலை ஆட்டினா படம் கெட்டுப்போகும்."

"கட்டலைன்னா படமே கிடையாது. போன வாரம் பார்த்தியே?"

ஸமீரா நாடாவை இரண்டு தடவை உருவிப் பார்த்தாள். "சத்தம் நிக்கிறப்ப மட்டும் இழுங்க. மெதுவா."

ராதா கோணல் பாதத்தின் கட்டைவிரலில் முடிச்சுப் போட்டு, மறுநுனியைப் பிடித்தபடி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"தூங்கிடாதே," என்றார் கார்த்திகேசன். "கோ துன் ஒருநாளும் தூங்கினதில்ல."

"அப்ப அவரையே கட்டியிருக்கணும் நீங்க. பேசாமப் படுங்க."

பலகை உள்ளே போனது. ஸமீரா கண்ணாடிக்கு அந்தப்பக்கம் போனாள். காதடைப்பையும் மீறி இயந்திரம் தடதடவென்று இடித்தது. பிறகு நின்றது. நாடா அசையவில்லை. ராதா ஒருமுறை இழுத்தாள். சற்றுப் பொறுத்து, பதிலுக்கு ஓர் இழுப்பு. அடுத்த முறை நின்றபோதும் ஒன்று. அதற்கடுத்தும் ஒன்று.

அரைமணி கழிந்தது. சத்தம் மறுபடி நின்றது. ஓர் இழுப்பு. உடனே இன்னொன்று.

ராதா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். கண்ணாடியைப் பார்த்துக் கையைத் தூக்கியபோது மூன்றாவது இழுப்பு வந்தது. கை இறங்கியது.

"ஆன்ட்டி, நிறுத்தவா?" ஒலிபெருக்கியில் ஸமீரா பதறினாள்.

"வேண்டாம், நீ முடி. வந்ததும் அவருக்கு டீ வேணுமாம்."