சுல்தானின் பெயரில் ஒரு குட்டி

சுல்தானுக்குப் பிறந்தது என்று நான் கையெழுத்திட்ட குட்டி, சுல்தானுக்குப் பிறந்ததல்ல. இதை அறிந்த இன்னொருவரும் இறந்துவிட்டார். இப்போது உங்களிடம் சொல்கிறேன்.

இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரையின் குதிரை லாயத்துக்கு நான் பொறுப்பாக இருந்தேன். சுல்தான் அவருடைய பந்தயக் குதிரை. நுவரெலியாவிலும் கொழும்பிலும் கடைசி வளைவுவரை கூட்டத்தின் நடுவிலேயே ஓடிவரும். அங்கே ஃபாரூக் சவுக்கால் ஒருமுறை தொட்டால் போதும்... பிறகு அதன் முன்னே எந்தக் குதிரையும் இராது! அலுவிகாரைக்காரனான ஃபாரூக்தான் எப்போதும் அதை ஓட்டினான்.

கால் நரம்பு விட்டுப்போனதும் சுல்தானின் பந்தயம் முடிந்தது. துரை அதை இனவிருத்திக்கு நிறுத்தினார். இரண்டு வருடம் பெண் குதிரைகளோடு சேர்த்தோம். ஒன்றும் சினை பிடிக்கவில்லை. அடுத்த வருடமும் குட்டி இல்லையென்றால் சுட்டுவிடுவதாகத் துரை சொன்னார். கோபம்கூட இல்லை அவர் குரலில்.

பதினொரு வருடம் என் கையால் தின்ற உயிர்... நான் என்ன செய்திருக்க வேண்டும்?

பல்லேபொலவில் வண்டி இழுத்த ஓர் ஆண் குதிரை, சுல்தானின் அதே செந்நிறம். துரை மலையில் தேயிலை வேலையைப் பார்வையிடப் போயிருந்த ஒரு காலையில் வண்டிக்காரரைக் கொண்டு அதை வரவழைத்து, எங்கள் பெண் குதிரை ஒன்றோடு சேர்த்தேன்; எங்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது. குட்டி பிறந்தது. பதிவுத் தாளில் தகப்பன் சுல்தான் என்று எழுதிக் கையெழுத்திட்டேன். சுல்தான் பிழைத்தது. எனக்கு வெட்கம் வரவில்லை... மகிழ்ச்சிதான் வந்தது!

நான்கு வயதில் அந்தக் குட்டி நுவரெலியாவில் ஓடியது. ஓட்டியவன் ஃபாரூக். கடைசி வளைவில் குட்டியின் வாய் நுரைத்திருந்தது. அதன் மூச்சு அவ்வளவுதான் என்று வேலியோரம் நின்ற எனக்குத் தெரிந்தது. ஃபாரூக் சவுக்கால் தொட்டான். பாயவில்லை. அடித்தான்... மறுபடியும் அடித்தான். முன்கால்கள் மடிந்து அவனோடு சேர்ந்து விழுந்தது. அங்கேயே செத்தது. ஃபாரூக் அதன்பின் நடக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"சுல்தான்ட புள்ளதானே, அடிச்சா பாயும்னு நெனச்சேன் அண்ணே. அது களைச்சுப்போனது எனக்குத் தெரிஞ்சிச்சு. அப்படியும் அடிச்சேன். பிழை என்ட."

சொல்ல வாயெடுத்தேன். "அப்படி நெனைக்காத தம்பி" என்று மட்டுமே வந்தது.

எதற்கு அஞ்சினேன்? உண்மை தெரிந்தால் சுல்தானைச் சுட்டுவிடுவார்கள் என்று அன்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆனால் சுல்தான் கிழடாகி லாயத்திலேயே செத்தது. துரையும் தோட்டத்தை விற்றுவிட்டுக் கப்பலேறினார். அதற்குப் பிறகும் நான் சொல்லவில்லையே!

மாதம் ஒருமுறை பஸ் ஏறி அலுவிகாரைக்குப் போகிறேன். ஃபாரூக் கட்டிலில் சாய்ந்திருப்பான். அவன் மனைவி தேநீர் தருவாள். ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும், அந்தக் குட்டியை அடித்ததற்காக இறைவனிடம் மன்னிப்புக் கேட்பதாகப் போன மாதம் சொன்னான்.

"கேட்டுக்கிட்டேதான் இருக்கேன் அண்ணே. மனசு ஆறுதில்ல."

தேநீரைக் குடித்து முடித்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி எழுந்தேன்.