ஸ்டெல்லா அக்காவின் பட்டியல்

செவ்வாய்க்கிழமை காலை ஸ்டெல்லா அக்காவின் தம்பி போன் செய்தார். “அக்கா போயிட்டாங்க பா. தூக்கத்துலயே.” ஆறு மாதமாக ஒவ்வொரு மூச்சுக்கும் அவர் பட்ட பாட்டைப் பார்த்தவன் நான். கேட்டதும் முதலில் வந்தது நிம்மதிதான்.

லாலாகுடா ரயில்வே காலனியில் பிறந்தவர். கச்சிபௌலியில் எங்கள் சிறிய கம்பெனியில் ஒப்பந்தத்தில் பெயர்ப் பட்டியல்கள் அடித்துக்கொண்டிருந்தார். கல்லூரியைப் பாதியில் விட்ட நான் அங்கே சி மொழியில் புரோகிராம் எழுதினேன். முதல் நாளே, “டிகிரி இல்லையா? எனக்கும்தான் இல்ல. நாற்காலிக்குத் தெரியவா போகுது?” என்றார்.

ஒரு தேர்வுக்கு ஹால் டிக்கெட் அச்சிடும் வேலை வந்தது. என் புரோகிராம் அக்காவின் பட்டியலைத் திறந்து, பிறகு தன்னிலிருந்து ஒரு பிள்ளை புரோகிராமைக் கிளப்பும். தாய் புரோகிராம் எல்லாப் பெயர்களையும் சரிபார்க்க வேண்டும். பிள்ளை எல்லோருக்கும் டிக்கெட் அச்சிட வேண்டும். சோதனையில் பாதிப் பேருக்கு டிக்கெட் வரவில்லை. “லிஸ்ட்லதான் கோளாறு,” என்றேன், பார்க்காமலேயே. மேனேஜர் அக்காவிடம், “வெள்ளிக்கிழமையோட போதும்மா,” என்றார்.

அக்கா வாதாடவில்லை. தாய் சரிபார்த்த பெயர்களையும் பிள்ளை அச்சிட்டவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பென்சிலால் டிக் அடித்து, என் மேசையில் போட்டார்.

“ஒரு பேரும் காணாமப் போகல. இதுல இருக்கறது அதுல இல்ல, அதுல இருக்கறது இதுல இல்ல. உன் ஆளுங்க ரெண்டு பேரும் என் லிஸ்ட்டைப் பங்கு போட்டுத் தின்னுருக்காங்க!”

புரிந்துவிட்டது. திறந்த கோப்போடு பிள்ளையைக் கிளப்பினால், எதுவரை படித்தோம் என்ற அடையாளம் இருவருக்கும் ஒன்றே. ஒருவர் படித்த பெயரை மற்றவர் தாண்டிப் போய்விடுவார். பிள்ளை தனியாகக் கோப்பைத் திறந்திருக்க வேண்டும். தப்பு என்னுடையது. சொன்னால் டிகிரி இல்லாதவனைத்தான் முதலில் அனுப்புவார்கள். வியாழன் முழுக்க வாயைத் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை அக்கா தன் டம்ளரைப் பையில் வைப்பதைப் பார்த்தேன். நேரே மேனேஜர் அறைக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். திட்டினார், இருவரையும் வைத்துக்கொண்டார்.

“கைக்குடா, ஏன்டா இப்படி மூஞ்சி? வேலை இருக்குல்ல?”

“இருக்குக்கா. உங்களுக்கும்.”

“அப்ப வா, சமோசா வாங்கிக் குடு. ஆளுக்கு ஒண்ணு. பங்கு நக்கோ, வேணவே வேணாம்!”

நேற்று காலனி வீட்டில், ஆக்சிஜன் மாஸ்க் இல்லாத அந்த முகத்தைக் கண்ணெடுக்காமல் பார்த்தேன். அன்று வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அந்தச் சவப்பெட்டியருகே போயிருக்கவே மாட்டேன். தூக்கும் நேரத்தில் தம்பி நகர்ந்து, என் தோளுக்கு இடம் விட்டார். அக்கா அவ்வளவு இளைத்திருந்தார், பெட்டியில் கனமே இல்லை.

போய் வாருங்கள், அக்கா.