பதினான்காம் பெட்டு பதினோரு மணிக்குக் காலி

இன்று காலை ஆஸ்பத்திரியில் என் கணவர் படுத்திருந்த பெட்டருகே ஒரு பெண் வாளியும் பையுமாக வந்து நின்றார்.

"பதினோரு மணிக்கு இந்த பெட்டு காலின்னாங்க. எங்க அண்ணனுக்குத்தான். இன்னாக்கா, நீங்க இன்னும் கெளம்பலையா?"

எங்களிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. கும்மிடிப்பூண்டி கம்பெனியில் இரும்புத் தகடு விழுந்த அவர் காலுக்கு ஆபரேஷன் முடிந்து மூன்று நாள்தான் ஆகிறது.

நர்ஸிடம் ஓடினேன். அவர் கம்ப்யூட்டரைக் காட்டினார். "இதே ஆபரேஷன் ஆனவங்க முன்னாடி எத்தினி நாள் இருந்தாங்கன்னு கணக்குப் போட்டு, எந்த பெட்டு எப்போ காலியாவும்னு இதுவே சொல்லிடும்மா. முக்காவாசி கரெக்டாத்தான் கீது."

எனக்குச் சந்தேகம் வந்தது.

"புண்ணு ஆறித்தான் போனாங்களா, இல்ல இது சொல்லிச்சின்னு நீங்க அனுப்பிட்டீங்களா? அனுப்பிட்டா கரெக்டாத்தானே இருக்கும்?"

நர்ஸ் எழுந்து போய் டாக்டரை அழைத்து வந்தார். டாக்டர் கட்டைப் பிரித்தார். உள்ளே சீழ் கோத்திருந்தது.

"இவர் இன்னும் நாலு நாள் இங்கதான் இருக்கணும்."

அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. "காலையிலருந்து ஸ்ட்ரெச்சர்லயே கீறாருக்கா எங்க அண்ணன்" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மதியம் அவருடைய அண்ணனுக்கு மாடியில் வேறு பெட்டு கிடைத்தது. அதில் இருந்தவர் குணமாகித்தான் போனாரா என்று நர்ஸிடம் கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.

நீங்கள் சொல்லுங்கள். கடைசியாக உங்களை டிஸ்சார்ஜ் செய்தபோது, தேறியது உடம்பா, தேவைப்பட்டது பெட்டா?