சம்பந்தியின் பால்வழி

என் மகள் மணந்தது கன்னடக் குடும்பத்துப் பிள்ளையை. அந்தத் திருமணத்தால் எனக்கு வாய்த்தவற்றுள் மிக இனியது சம்பந்தியின் நட்பு. அவர் என்னைத் தம் மொழி முறைப்படி ‘பீகரே’ என்று விளிப்பார். நான் அவரைச் ‘சம்பந்தி’ என்பேன். இரண்டும் ஒரே உறவுதான்.

பணி ஓய்வுக்குப்பின், பெங்களூரில் வாழும் எங்கள் இருவரையும் பிணைத்தது ஒளிப்படக்கலை. கடலோரங்களும் பழைய தேவாலயங்களும் எங்கள் விருப்பப் பொருள்கள். இருவருமே அந்தச் சமயத்தினர் அல்லர். உப்புக்காற்று அரித்த சுண்ணச்சுவரில் மாலை வெயில் படிவதைக் காண்பதற்காகவே தொடர்வண்டி ஏறுவோம். புறப்படும்போதெல்லாம், “ஒளிப்படக் கருவியை எடுத்துக்கொண்டீர்களா?” என்று கேட்பது என் வழக்கம்.

“கேமரான்னு சொல்லுங்க பீகரே. நீங்க கருவி கருவின்னா, ட்ரெயின்ல எல்லாரும் நம்மள போர்வெல் போட வந்தவங்கன்னு நினைக்கிறாங்க.”

சென்ற ஆண்டு அவருக்குக் கண்ணழுத்த நோய் இருப்பது தெரியவந்தது. இழந்த பார்வை மீளாது, எஞ்சியதை மருந்தால் காக்கலாம் என்றார் மருத்துவர். குறை முதலில் இருட்டில்தான் தென்பட்டது. வைட்ஃபீல்டில் அவர்கள் குடியிருப்பின் மொட்டைமாடியில் நின்று, விண்மீன் ஒன்றையும் காணோமே என்றார். பெங்களூரில் யாருக்குத்தான் தெரிகிறது என்று தேற்றினேன். அவர் தேறவில்லை.

“பால்வழியை ஒரு தடவை எடுத்துடணும் பீகரே. கடல் பக்கத்துல ஒரு பழைய சர்ச்சுக்கு மேல. கண்ணு இருக்கும்போதே.”

பால்வழி தெரிய நிலவற்ற வானம் வேண்டும். மங்களூருக்கு வடக்கே, கடலை நோக்கி நிற்கும் கைவிடப்பட்ட தேவாலயம் ஒன்றை முன்பே பார்த்து வைத்திருந்தோம். நான் பஞ்சாங்கத்தைப் புரட்டி, அமாவாசை காலையில் புறப்படும் வண்டிக்கு இருவருக்கும் இடம் பதிவு செய்தேன். நிலவும் இல்லை, நாளும் நல்ல நாள் என்று எனக்குப் பெருமிதம் வேறு.

அன்று மாலையே சம்பந்தியின் மனைவியார் தொலைபேசியில் அழைத்தார்.

“பீகரே, நீங்க அவ்வளவு படிச்சவரு. அமாவாசை அன்னைக்கு யாராவது ஊருக்குக் கிளம்புவாங்களா?”

“எங்களுக்கு அது நல்ல நாளம்மா. கடை திறப்போம், வண்டி வாங்குவோம்.”

“உங்களுக்கு நல்ல நாள்னா நீங்க போங்க. எங்க வீட்டுக்காரரு வரமாட்டாரு. ஏற்கனவே கண்ணு இப்படி ஆயிருக்கு.”

இத்தனை ஆண்டுகள் கன்னடரிடையே வாழ்ந்தும், தமிழர் விரும்பும் அமாவாசையை அவர்கள் அஞ்சி ஒதுக்குவது எனக்கு உறைக்கவே இல்லை. சம்பந்தியும் தம் மனைவியோடு வாதிடவில்லை. “அவ பயந்துக்கிட்டு இங்க உட்கார்ந்திருக்க, நான் அங்க போய் வானத்தைப் பார்க்கிறதா? வேண்டாம், விடுங்க” என்றார். அடுத்த அமாவாசைக்குப் போகலாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதற்குள் அவர் கண் எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. அடுத்ததும் அமாவாசையாகத்தானே இருக்கும்.

மறுநாள் அந்த அம்மையாரிடம் நேரிலேயே சென்றேன். முதல்நாளே புறப்பட்டு, அமாவாசையன்று அங்கேயே தங்கி, அதற்கு மறுநாள் திரும்பினால் ஒப்புவீர்களா என்று கேட்டேன். காப்பி ஆறும்வரை யோசித்தார்.

“அன்னைக்கு வண்டி எதுலயும் ஏறக்கூடாது. ஆட்டோவும்தான்.”

“நடக்கலாமா?”

“நடக்கிறது ஊருக்குப் போறதுல சேராது” என்று தீர்ப்பளித்தார். கூடவே ஓர் எலுமிச்சம்பழத்தைக் கணவரின் ஒளிப்படக் கருவிப் பைக்குள் திணித்தார். என் மகள் தேவாலயத்துக்கு அருகிலேயே ஒரு வீட்டில் அறை தேடித் தந்தாள்.

அமாவாசையன்று விடியலுக்கு முன், அவர் என் தோளைப் பற்றியபடி வர, மணலில் நடந்தோம். கடலுக்கு முதுகு காட்டி, கருவியைத் தாங்கும் முக்காலியை ஊன்றினோம். எதிரே தேவாலயத்தின் முகப்பு கறுத்துத் தெரிந்தது. விண்மீன்மேல் கூர்மை வைக்கும் வேலை என்னுடையது; கருவியின் திரையில் ஒரு விண்மீனைப் பெரிதாக்கி, அது புள்ளியாகச் சுருங்கும்வரை வில்லையின் வளையத்தைத் திருப்பினேன். பொத்தானை அழுத்தும் வேலை அவருடையது. கருவி ஒளியைச் சேர்த்து முடிக்கும் அரை நிமிடமும் இருவரும் அசையாது நின்றோம்.

படம் திரையில் விரிந்தது. முகப்பின் சிலுவைக்குமேல் பால்வழி, உதறிய சுண்ணப்பொடிபோல் சரிந்து கிடந்தது. அவர் குனிந்து கண்ணைத் திரையருகே கொண்டுபோனார். பார்வையின் வட்டம் குறுகிவிட்டதால் ஒரேயடியாகக் காண இயலவில்லை. ஓரத்திலிருந்து ஓரமாக, வரி வரியாகப் படிப்பவரைப்போலப் பார்த்தார்.

“இவ்வளவும் மேல இருக்கா, பீகரே?”

நான் அண்ணாந்து பார்த்தேன். வெளிறிய புகைத்தடம் ஒன்றே தெரிந்தது.

“இருக்கிறது. எனக்கும் இவ்வளவு தெரியவில்லை.”

“சும்மா சொல்லாதீங்க.”

“மெய்யாகவே. கருவிக்குத்தான் தெரிகிறது.”

“அப்போ நம்ம ரெண்டு பேர் கண்ணும் ஒண்ணுதான்” என்று சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் மீண்டும் படத்தைப் பார்த்தார். இம்முறை புருவம் சுருங்கியது.

“சர்ச் சாஞ்சிருக்கு பீகரே.”

பார்த்தேன். சாய்ந்துதான் இருந்தது. முழுப் பார்வையுள்ள என் கண் அதைக் கவனிக்கவில்லை.

“இன்னொண்ணு எடுக்கணும். முக்காலியை நேரா வைங்க, ஸ்வல்ப, கொஞ்சமா, இந்தப் பக்கம்” என்றார். தேவாலயத்தின் பின்னே கிழக்கு வெளுக்க இன்னும் சிறிது பொழுது இருந்தது. நான் மணலில் மண்டியிட்டு முக்காலியின் ஒரு காலைத் தளர்த்தினேன். போதும் என்று அவர் சொல்லும்வரை தாழ்த்திக்கொண்டே இருந்தேன்.