மலைக்கும் பட்டணத்துக்கும் நடுவில் எங்களை இறக்கிவைத்தார்

என் வீட்டுக்காரர் மூச்சுக்குத் திணறும்போது அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியாது. சுவரைப் பார்த்துக்கொண்டேதான் முதுகைத் தடவிக் கொடுப்பேன். கள்ளக்குறிச்சியில் நாங்கள் குடியிருந்தது அரிசி ஆலைக்குப் பின்னால், ஆலைக்காரர்கள் கொடுத்த வீடு. அவருக்கு வேலையும் அந்த ஆலையில்தான். கொடியில் காயும் துணி மேல் உமித்தூசி, சோற்றுப்பானை மூடி மேல் உமித்தூசி. ஜன்னலைத் திறந்தால் தூசி, சாத்தினால் புழுக்கம். வேலையை விட்டால் வீடு போய்விடும். வீட்டை விடாவிட்டால் மனுஷன் போய்விடுவார். இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் ஜில்லா முழுக்கப் போராட்டம் நடந்துகொண்டிருந்த எண்பதுகளின் பின்பாதி அது. "கர்த்தாவே, எங்களை எங்கேயாவது கொண்டுபோய்விடும்" என்று தினமும் அழுவேன். எங்கே என்று கர்த்தர் திருப்பிக் கேட்டிருந்தால் எனக்குப் பதில் தெரியாது.

டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். "இந்தத் தூசியில இவரு ஜாஸ்தி நாள் தாங்கமாட்டாரும்மா. நல்ல காத்தோட்டமான இடமா பாருங்க. ஆனா ஆஸ்பத்திரி கிட்டக்க இருக்கணும்."

நன்றாகச் சொன்னார் போங்கள். காற்று இருக்கிற இடத்தில் ஆஸ்பத்திரி ஏது, ஆஸ்பத்திரி இருக்கிற இடத்தில் காற்று ஏது!

எங்களுக்கு இரண்டு வாசல்தான் திறந்திருந்தன. ஒன்று கல்வராயன் மலை. வெள்ளிமலையைத் தாண்டி ஓர் ஊழியக்காரர் மலைப் பிள்ளைகளுக்கு விடுதி நடத்தினார். சமையலுக்கு நீ வா, தோட்டத்துக்கு உன் புருஷன் வரட்டும் என்று கூப்பிட்டார். இன்னொன்று சென்னை. பெரம்பூரில் என் அண்ணன் இருந்தான். வந்துவிடுங்கள், ஏதாவது வேலை பார்த்துத் தருகிறேன் என்றான்.

அவருக்கு மலை என்றால் உயிர். எனக்கு ஜன சந்தடி வேண்டும். தெருவிளக்கு, கடை, பஸ் சத்தம், ஐயோ என்று கத்தினால் ஓடிவர நாலு பேர் வேண்டும்.

"மலையில இன்னாத்தப் பாத்துக்கினு உக்காந்திருக்கறது? மரத்தையா?" என்பேன்.

"மெட்ராஸ்ல இன்னாத்த மோந்துக்கினு உக்காந்திருக்கறது? பஸ்ஸு பொகையையா?" என்பார்.

எங்கள் சபையில் புது வருஷ ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்த அட்டை எடுப்போம். வசனம் அச்சடித்த சின்ன அட்டைகளைத் தட்டில் கவிழ்த்து வைத்திருப்பார்கள். கண்ணை மூடி ஜெபித்து ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். அந்த வருஷத்துக்குக் கர்த்தர் நமக்குத் தரும் வார்த்தை அது. அந்தத் தடவை நாங்கள் இருவரும் உபவாசம் இருந்து, அட்டையில் எது வருகிறதோ அதுதான் நம் இடம் என்று பொருத்தனை பண்ணிக்கொண்டு போனோம். அவர் எடுத்த வசனத்தில் மலை வந்தது. நான் எடுத்ததில் நகரம் வந்தது.

நல்ல கூத்துதான் போங்கள்! வீடு வரைக்கும் சண்டை.

"குடும்பத்துக்குத் தலைவன் அட்டைதான் செல்லும்" என்றார்.

"மொதல்ல ஒழுங்கா மூச்சு வுடுங்க. அப்பறம் தலைவரா இருங்க" என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பே இருமலாகி, ரோட்டோரம் குந்திவிட்டார். நானும் பக்கத்தில் குந்தினேன். இரண்டு அட்டையும் கையில் இருந்தன. எந்தப் பக்கமும் போக முடியவில்லை. அப்படியே மாதங்கள் ஓடின. அவர் இளைத்துக்கொண்டே போனார்.

கடைசியில் அந்த செப்டம்பரில், "ஒரு தபா போய்ப் பாத்துட்டாவது வரலாம்மே" என்றார். விடுதியைப் பார்க்க மலையேறினோம். முதல் நாள் அவர் சின்னப்பிள்ளை மாதிரி ஓடினார். இழுப்பு இல்லை, இருமல் இல்லை. சரி, நம் பட்டணம் இத்தோடு போச்சு என்று நினைத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் எனக்கு அழுகைதான் வந்தது.

மறுநாள் பஸ் வரவில்லை. இட ஒதுக்கீட்டுப் போராட்டக்காரர்கள் கீழே ரோடு முழுக்கப் புளியமரங்களை வெட்டிப் போட்டுவிட்டார்கள், ஒரு வண்டியும் நகராது என்று சேதி வந்தது. அன்றைக்கே மழையும் பிடித்துக்கொண்டது. மூடுபனி வீட்டுக்குள் வந்தது. ஈர விறகு அடுப்புப் புகை வெளியே போகாமல் உள்ளேயே சுழன்றது. அவருக்கு இழுப்பு வந்தது. கொண்டுபோன மாத்திரைகள் தீர்ந்தன. சுற்றுவட்டத்தில் ஊசி போட ஆள் இல்லை. உதடு நீலம் பாரித்தது.

மேலே இருந்தால் சாவு. கீழே போகவும் பயம். அதையும் மறைக்காமல் சொல்கிறேன். நாங்கள் காலனித் தெருவில் பிறந்தவர்கள். ஊருக்குள் அந்த நாட்களில் கோபம் கொதித்துக்கொண்டிருந்தது. அங்கே குடிசை எரிந்தது, இங்கே அடித்தார்கள் என்று தினமும் கேள்விப்பட்டுக்கொண்டிருந்தோம். ரோட்டில் கோடாலியோடு நிற்பவர்களிடம் மாட்டினால் என்ன ஆவோம்? "கர்த்தாவே, அவங்க கண்ணுல மட்டும் எங்களப் பட வெக்காதீங்க" என்றுதான் ஜெபித்தேன். அந்த ஜெபத்தைக் கர்த்தர் கேட்கவில்லை. ஸ்தோத்திரம்!

மலைக்காரர்கள் போர்வையைக் கம்பில் கட்டித் தூளியாக்கி, அவரை அதில் கிடத்தி, ஒற்றையடிப் பாதையில் இறக்கினார்கள். வழுக்குப் பாறையில் நான் இரண்டு தடவை விழுந்தேன். அணைக்கட்டுப் பக்கம் ரோட்டுக்கு வந்ததும் முதல் மரம் குறுக்கே கிடந்தது. அதன் மேல் இளவட்டங்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

ஒருவன் எழுந்து வந்தான். "எந்த ஊரு? எந்தத் தெரு?"

பொய் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். நாக்கு வரவில்லை. ஊரைச் சொன்னேன், தெருவையும் சொன்னேன். அவன் தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தான். தூளிக்குள் என் வீட்டுக்காரர் மூச்சு கீச்சு கீச்சு என்று கேட்டது.

நரைத்த மீசையோடு ஒருவர் கோடாலியைக் கீழே போட்டுவிட்டு எட்டிப் பார்த்தார். "ஆளு இழுத்துக்கினு கெடக்கறான். தெருவ கேட்டுக்கினு நிக்கிற? வூட்டாண்ட போயி கட்டில எடுத்தாடா!"

கேட்டவனே ஓடிப்போய்க் கயிற்றுக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஆனால் ஒரு சிக்கல். ஒவ்வோர் ஊருக்கும் ஒரு மரம். அவரவர் மரத்தை விட்டு அதிக நேரம் நகரக்கூடாது என்று அவர்களுக்குக் கட்டளை. "அடுத்த மரம் வரைக்கும் நாங்க தூக்கறோம். அப்பால அவங்க தூக்குவாங்க. பயப்படாத வாம்மா" என்றார் மீசைக்காரர். அப்படியே நடந்தது. ஒரு மரம் வந்ததும் கட்டிலைத் தலைக்கு மேல் தூக்கி அந்தப் பக்கம் நிற்பவர்கள் கையில் கொடுப்பார்கள். அவர்கள் வாங்கிக்கொண்டு ஓடுவார்கள். தெருவைக் கேட்ட அந்தப் பையன் மட்டும் தன் மரத்துக்குத் திரும்பவில்லை. தலைத்துண்டை அவிழ்த்து அவர் முகத்துக்கு விசிறிக்கொண்டே கடைசி வரைக்கும் கூட வந்தான். யார் கண்ணில் படக்கூடாது என்று அழுதேனோ அவர்கள் தோளில் என் புருஷன் போய்க்கொண்டிருந்தார். என் வாயில் ஜெபமே வரவில்லை. அப்பா, அப்பா என்று மட்டும் சொல்லிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

கச்சிராயபாளையத்தில் ஒரு கிளினிக் அறை வாசலில் இறக்கிவைத்தார்கள். உள்ளே ஒரு டாக்டர் இருந்தார். கள்ளக்குறிச்சியிலிருந்து வைத்தியம் பார்க்க வந்த இடத்தில், ரோடு அடைபட்டதால் திரும்பிப் போக முடியாமல் அங்கேயே தங்கிவிட்டவர். கையில் மருந்துப் பெட்டியும் இருந்தது. எங்களை அடைத்த அதே மரங்கள்தான் எங்களுக்காக அவரையும் அங்கே நிறுத்தி வைத்திருந்தன. ஊசி போட்டார். கொஞ்ச நேரத்தில் இழுப்பு அடங்கியது. நான் சிமெண்ட் தரையில் முகங்குப்புற விழுந்தேன். பையன் பயந்துபோய், "ஏன்மா, உனுக்கும் இன்னா ஆச்சு?" என்றான்.

ரோடு திறக்கும் வரைக்கும் பக்கத்து அறையில் தங்கினோம். ஈரமும் விறகுப் புகையும் உங்களுக்கு உமித்தூசி மாதிரியே விஷம், மலை மேல் குடியேறாதீர்கள் என்றார் டாக்டர். அடிவாரத்தில் தூசியும் இல்லை, மூடுபனியும் இல்லை. அணைப் பக்கமிருந்து காற்று வந்துகொண்டே இருந்தது. எதிரே மலை முழுசாகத் தெரிந்தது. வடக்கனந்தல் வழியாக டவுனுக்கு பஸ் உண்டு. இந்த ஊரை எத்தனை தடவை பஸ்ஸில் தாண்டியிருப்போம்! ஒரு நாளாவது ஜன்னல் வழியாக ஒழுங்காகப் பார்த்திருப்போமா?

"இன்னாமே, இங்கியே இருந்துட்டா இன்னா?" என்றார் அவர்.

"இத கேக்கத்தான் இம்மாந்தூரம் கட்டில்ல வந்தீங்களா?" என்றேன்.

வாக்குத்தத்த அட்டையைக் குறை சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். வருஷம் முழுக்க நம்மைத் தாங்குவதற்குக் கொடுக்கப்பட்ட வார்த்தையை வீட்டு விலாசமாக்கியது நாங்கள்தான். அவருக்கு மலை வேண்டும், எனக்கு ஜனம் வேண்டும் என்று கர்த்தருக்குத் தெரியாதா? என் வீட்டுக்காரர் ஆலை வேலையை விட்டுவிட்டு சைக்கிள் கடை வைத்தார். நான் பஸ் ஸ்டாண்டு பக்கம் பம்ப் ஸ்டவ்வில் இட்லி சுட்டேன். போதும் போதும் என்கிற அளவுக்கு ஜன சந்தடி. ரோட்டில் எங்களைச் சுமந்தவர்கள் என் இட்லிக் கடையில் வந்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள். முதல் நாள் இட்லியை எடுத்து வைக்க நான் தயங்கினேன். அவர்களும் தயங்கினார்கள். மீசைக்காரர்தான் முதலில் தட்டை நீட்டினார்.

எங்கே போவது என்று தெரியாமல் அடைபட்டுக் கிடக்கிறவர்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்ல வந்தேன். இந்த வழியாக வாரும், அந்த ஆள் மூலமாக வேண்டாம் என்று நாம் கர்த்தருக்கு வழி சொல்லிக் கொடுக்க வேண்டாம். அவரிடம் கையை நீட்டுங்கள். யார் தோளில் ஏற்றுவது என்பதை அவரே பார்த்துக்கொள்வார்.

இதை நான் சொல்லிக்கொண்டிருக்கும்போது என் வீட்டுக்காரர் வாசலில் ஒரு சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு கீர்த்தனை பாடுகிறார். சுருதி சேராது. தெருவே கேட்கிற மாதிரி கத்துகிறார். சரணத்துக்குச் சரணம் நீட்டி இழுத்து, நடுவில் ஓர் இடத்திலும் நிறுத்தாமல் பாடுகிறார்.